கால் மாறாத மூலக்கூறுகள்

கண்ணாடிக்குள் நிற்கும் நடராசர்

சுவாமிமலையில் வார்த்த நடராசர் சிலையைக் கண்ணாடிக்கு எதிரே வைத்தால், உள்ளே தெரிவது நடராசரைப் போலவே இருக்கும். ஆனால் நடராசர் ஆகாது. வெளியே இருப்பவர் வலக்காலை முயலகன் மேல் ஊன்றி இடக்காலைத் தூக்கியவர். உள்ளே இருப்பவரோ இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்குகிறார். அளவு, எடை, உலோகம், முகக்களை எதிலும் குறை இல்லை. இருந்தும் ஒன்றை எப்படிப் புரட்டி வைத்தாலும் மற்றொன்றாக ஆக்க முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் ஆடவல்லான் வலக்காலைத் தூக்கி நிற்கிறார். அந்த ஒரு மாற்றத்துக்குக் காரணம் சொல்லத் தனியாக ஒரு திருவிளையாடலே தேவைப்பட்டது.

மூலக்கூறுகளிலும் இதே நிலை உண்டு. ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு அணுக்கூட்டங்கள் சேரும்போது, அவற்றை இரண்டு விதமாக அமைக்கலாம். வலக்கைக்கு இடக்கை எப்படியோ, அப்படி ஒன்று மற்றதன் கண்ணாடி உரு. இந்தப் பண்பைக் 'கைத்தன்மை' எனலாம். இது ஏட்டளவில் நின்றுவிடும் வேறுபாடு அன்று. மூக்கே இதைக் கண்டுபிடித்துவிடும். புதினாவின் மணத்துக்குக் காரணமான கார்வோன் என்ற பொருள்தான், பிள்ளை பெற்றவர்களுக்கான மருந்துச் சரக்கில் சேரும் சதகுப்பையின் மணத்துக்கும் முக்கியக் காரணம். அணுக்கள் அவையே, எண்ணிக்கை அதுவே, இணைந்த வரிசையும் அதுவே. புதினாவில் இருப்பது ஒரு கை, சதகுப்பையில் இருப்பது மறு கை. மூக்கில் மணத்தை ஏற்கும் புரதங்களுக்கும் கைத்தன்மை இருப்பதால் இரண்டும் இரு வேறு மணங்களாகின்றன.

புதிர் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செல்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்களில், கைத்தன்மையே இல்லாத கிளைசின் ஒன்றைத் தவிர, அனைத்தும் இடக்கை வகை. ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இரண்டின் சர்க்கரையும் வலக்கை வகை. வயலின் நெற்பயிர், வரப்பின் நத்தை, வாய்க்கால் பாசி, கரையில் நிற்கும் மனிதர் எல்லோருக்கும் இந்த விதி ஒன்றே. பாக்டீரியாக்களின் செல்சுவரில் சில வலக்கை அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஆனால் அவையும் இடக்கை வகையைத் தனி நொதி ஒன்று புரட்டிப்போடுவதால் கிடைப்பவை. உயிர் தோன்றுவதற்கு முன்பிருந்த வேதியியலுக்கு இடம் வலம் தெரியாது. அப்படியானால் இந்த ஒருதலைச் சாய்வு எங்கிருந்து வந்தது?

புளியும் பாஸ்டரின் இடுக்கியும்

கைத்தன்மை முதலில் வெளிப்பட்டது ஒரு புளிப்பில். புளியம்பழத்தின் சதைக்குப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதே அமிலம்தான் உண்டு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை இந்த அமிலத்தின் கரைசல் வழியே செலுத்தினால், அந்தத் தளம் வலப்பக்கமாகத் திரும்பும். ஒயின் தொழிலில் சில வேளைகளில் கிடைத்த இன்னொரு வகை அமிலமோ எல்லாவற்றிலும் இதைப் போலவே இருந்தும் ஒளியைச் சிறிதும் திருப்பவில்லை.

1848-ல் பாரிசில், 25 வயது லூயி பாஸ்டர் அந்த இரண்டாம் வகையின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் ஒரு சிறு சாய்முகம் இருந்தது. சில படிகங்களில் அது வலப்பக்கம், மற்றவற்றில் இடப்பக்கம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கித் தனித்தனியே கரைத்தபோது, ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கமும் மற்றது அதே அளவு இடப்பக்கமும் திருப்பியது. திருப்பாத அமிலம் என்பது இரு கைகளும் சரிபாதி கலந்த கலவை. ஒன்றின் வேலையை மற்றது அழித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பில் பருவநிலைக்கும் பங்கு உண்டு. அந்த உப்பு சுமார் 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே மட்டுமே இடம் வேறு, வலம் வேறு எனத் தனிப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேல் இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்துவிடும். தஞ்சைச் சீமையின் சித்திரை வெயிலில் இதே சோதனையைச் செய்திருந்தால், எத்தனை கூர்மையான கண்ணாக இருந்தாலும் பொறுக்குவதற்கு எதுவும் கிடைத்திருக்காது.

நெல்லும் வைக்கோலும்

ஒரு கைதான் வேண்டும் என்று உயிர் ஏன் பிடிவாதமாக நிற்கிறது? விடை அறுவடை முடிந்த களத்திலேயே கிடக்கிறது. நெல்லில் உள்ள மாவுச்சத்தும் வைக்கோலில் உள்ள செல்லுலோசும் ஒரே சர்க்கரையால், வலக்கைக் குளுக்கோசால் ஆனவை. கண்ணியும் கண்ணியும் கோக்கும் இடத்தில், ஒரே ஒரு கார்பன் அணுவில், பிணைப்பு எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு பக்கம் நோக்கினால் சங்கிலி சுருண்டு, சுற்றுக்கு ஆறு குளுக்கோசாக, மாவுச்சத்தின் சுருளாகிறது. மறுபக்கம் நோக்கினால் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகி நாராகிறது. மனிதக் குடலின் நொதிகள் முதலாவதைப் பிரித்துவிடும். இரண்டாவதன் மேல் அவற்றின் கை படாது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் அதற்கான நொதி இருப்பதால்தான் சோறு மனிதருக்கும் வைக்கோல் மாட்டுக்கும் என்று பங்கு பிரிந்திருக்கிறது.

ஒரு கார்பனில் ஏற்படும் திருப்பமே சோற்றையும் வைக்கோலையும் வேறாக்குமென்றால், கண்ணிக்குக் கண்ணி இடமும் வலமும் கலந்து வரும் சங்கிலி என்னவாகும்? ஒழுங்காகச் சுருளவும் முடியாது, நேராக இறுகவும் முடியாது.

புரதத்துக்கு இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது சென்னை. மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே அறியப்படுகிறது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் முறுக்கினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாது என்று அது காட்டுகிறது. படத்தின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட இடம். இடக்கை அமினோ அமிலத்துக்கு அனுமதிக்கப்பட்ட தீவுகள் பெரும்பாலும் படத்தின் இடப்பாதியில் இருக்கின்றன. வலக்கை அமிலத்துக்கு அதே படத்தை அரைச்சுற்றுத் திருப்ப வேண்டும். ஆக, இரு கையும் கலந்த சங்கிலியில் ஒரு கண்ணிக்கு அனுமதியான முறுக்கு அடுத்த கண்ணிக்குத் தடையாகும். கைத்தன்மையற்ற கிளைசினின் படம் மட்டும் நடுப்புள்ளியைச் சுற்றி இரு பக்கமும் ஒத்திருக்கிறது.

அதே ராமச்சந்திரன் 1950களின் நடுவில் கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் கொலாஜன் புரதத்தின் அமைப்பை அவிழ்த்தவர். மூன்று இழைகள், ஒவ்வொன்றும் இடப்புறம் முறுக்கியது, மூன்றும் சேர்ந்து வலப்புறம் முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர் இழையை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே: பிரியாமல் இருப்பதற்கு. கண்ணிகளின் கை கலந்திருந்தால் இந்த முறுக்கு நிலைக்காது.

100 கண்ணிகள் கொண்ட ஒரு சிறிய புரதத்தில் ஒவ்வொரு கண்ணியும் இடமாகவோ வலமாகவோ இருக்கலாம் என்று விட்டால், ஒரே வரிசைக்கு 1-க்குப் பின் 30 சுழிகள் போட்ட எண்ணைவிடவும் அதிகமான வடிவங்கள் வரும். அவற்றுள் ஒரே ஒன்றுதான் முழுவதும் இடக்கை.

இரு கையும் சமமாக வரும் உலகம்

1953-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். உயிரின் செங்கற்கள் உயிர் இல்லாமலே உருவாகும் என்பதற்கு அது பெரும் சான்று. ஆனால் அங்கே பிறந்தவை இடமும் வலமும் சரிபாதி.

விண்ணிலும் ஏறத்தாழ அதே கதைதான். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை மறு ஆண்டு அறிவித்த குழுவில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்தவர். மதராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு லண்டனில் வேதியியலுக்கு மாறி, நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர். அந்த அமிலங்கள் பூமியின் அழுக்கு அல்ல என்பதற்கு அவருடைய குழு காட்டிய சான்றே கைத்தன்மைதான். மனிதக் கை பட்டு ஒட்டியிருந்தால் எல்லாம் இடக்கையாக இருக்கும். அங்கேயோ இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

பிறகு 1997-ல் அரிசோனாவில் ஜான் குரோனினும் சாண்ட்ரா பிட்சரெல்லோவும் அதே கல்லில், உயிர்கள் அரிதாகவே பயன்படுத்தும் சில அமினோ அமிலங்களில், இடக்கை சில விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். இடக்கைச் சாய்வு விண்ணிலிருந்தே வந்தது என்ற நம்பிக்கை அதனால் வலுத்தது. 2023-ல் பென்னு சிறுகோளிலிருந்து பூமிக்கு வந்த மண் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 2025-ல் வெளியான ஆய்வின்படி, புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அங்கே இருந்தன. இடமும் வலமும் சமமாகவே இருந்தன.

முதல் சாய்வு

சமநிலையை முதலில் எது குலைத்திருக்கும்? இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் மென்விசை மட்டும் இட வலம் பார்க்கும் என்பதைச் சியென் ஷியுங் வூ 1957-ல் வெளியிட்ட சோதனை நிறுவியது. அதனால் இடக்கை மூலக்கூறும் வலக்கை மூலக்கூறும் ஆற்றலில் மிகச் சிறிது வேறுபட வேண்டும். ஆனால் அந்த வேறுபாடு, வெப்பத்தால் மூலக்கூறுகள் துள்ளும் துள்ளலில் அடையாளமே இல்லாமல் போகுமளவு சிறியது. திருகுபோல் சுழன்று வரும் ஒளி இன்னொரு வழி. அது ஒரு கையை மற்றதைவிடச் சற்று அதிகமாகச் சிதைக்கும். ஓரியன் விண்முகிலில் அத்தகைய ஒளி இருப்பதும் காணப்பட்டிருக்கிறது.

எந்த வெளிக்காரணமும் இல்லாமலேகூடச் சமநிலை ஒருபோதும் முழுச் சமமாக இருப்பதில்லை. காசை 100 முறை சுண்டினால் பூவும் தலையும் சரியாக 50-50 விழுவது அரிது. 10 அளவுக்கு முன்பின் இருக்கும். 10 லட்சம் முறை சுண்டினால் 1,000 அளவுக்கு முன்பின் இருக்கும். விழுக்காட்டில் இது வெறும் 0.1. எண்ணிக்கை ஏற ஏற விழுக்காடு கரைந்துகொண்டே போகும், ஆனால் சுழியாகிவிடாது. ஆகவே முதல் சாய்வைத் தேடுவது அவ்வளவு பெரிய சிக்கல் அல்ல. அது எங்கும் எப்போதும் கிடைப்பது. கடினமானது அதைப் பெருக்குவது.

51-க்கு 49

விதைநெல்லில் ஒரு ரகம் 51 பங்கு, இன்னொரு ரகம் 49 பங்கு கலந்துவிட்டதாகக் கொள்ளலாம். இரண்டும் ஒரே அளவு விளைந்தால் அடுத்த போகத்தில் 102-க்கு 98. அதற்கடுத்து 204-க்கு 196. விளைச்சல் பெருகுகிறது, விகிதம் அசையவே இல்லை. மூலக்கூறுகளும் அப்படியே. தன்னைப் போன்றதைத் தானே பெருக்கும் திறன் மட்டும் ஒருதலையான வெற்றியைத் தராது. வயலில் கலவன் பிடுங்க ஆள் வேண்டும்.

அந்த ஆளை 1953-லேயே காகிதத்தில் கண்டுபிடித்தவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபிராங்க். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டே. ஒவ்வொரு கையும் தன் கையையே பெருக்க வேண்டும். இடமும் வலமும் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து செயலிழக்க வேண்டும்.

இப்போது அதே 51-ஐயும் 49-ஐயும் எடுத்துக்கொண்டால், 49 வலக்கைகள் 49 இடக்கைகளோடு இணை சேர்ந்து அழிகின்றன. மிச்சம் 2 இடக்கை. வலக்கை ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நான்காகி, எட்டாகி, ஆறாவது பெருக்கத்தில் 128 ஆகும்போது குளம் முழுவதும் இடக்கை. தொடக்கத்தில் 10,00,001-க்கு 9,99,999 என்று இருந்திருந்தாலும் மிஞ்சுவது அதே 2 தான். உண்மையில் பெருக்கமும் அழிவும் ஒரே சமயத்தில் நடக்கும். ஆனால் போக்கு இதுவே: சிறு வேறுபாடு அழிவில் தப்பி, பெருக்கத்தில் முழுமை பெறுகிறது.

இது கண்ணெதிரே நடக்கும் ஓர் உப்பும் உண்டு. சிவகாசித் தீக்குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டுக்கு உறவான சோடியம் குளோரேட்டுக்குக் கரைசலில் கைத்தன்மையே கிடையாது. படிகமாகும்போது மட்டும் இடப் படிகம், வலப் படிகம் என்று பிரியும். அசையாத கரைசலில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக விளையும். இந்தியாவில் பிறந்த திலீப் கொண்டேபுடியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-ல் செய்தது, படிகமாகும்போது கரைசலைக் கலக்கிக்கொண்டே இருந்தது மட்டும்தான். ஒவ்வொரு குடுவையிலும் கிட்டத்தட்ட எல்லாப் படிகங்களும் ஒரே கையாக வந்தன. முதலில் பிறந்த படிகம் கலக்கலில் உடைந்து நூற்றுக்கணக்கான விதைகளாகிறது. அவை கரைசலில் உள்ள உப்பை விரைந்து உறிஞ்சிவிடுவதால் மறுகைக்குப் பிறக்கவே இடமில்லை. எந்தக் குடுவை எந்தக் கை என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2005-ல் மாட்ரிட்டின் கிறிஸ்டோபல் வியேத்மா, சரிபாதிக் கலவையாகத் தொடங்கிய படிகங்களைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்து அரைத்துக்கொண்டே இருந்தால் முழுவதும் ஒரே கையாகிவிடுவதைக் காட்டினார்.

ஃபிராங்க் சொன்னபடி தன்னையே பெருக்கும் மூலக்கூற்றையும் 1995-ல் டோக்கியோவின் கென்சோ சோயாய் கண்டுபிடித்தார். அவருடைய வினை துளிச் சாய்வைக்கூட ஏறக்குறைய முழுமைக்குக் கொண்டுபோகும். ஆனால் அது நீர் பட்டால் கெடும் துத்தநாகச் சேர்மங்களால் நடப்பது. ஆதி பூமியின் ஈரத்தில் அதற்கு இடம் இருந்திருக்காது.

அச்சுக்குள் சிக்கிய கை

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவாக்கிய மெழுகுச் சிலையின் மேல் சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணை முதலில் பூசுகிறார்கள். பிறகு கனமான மண் பூச்சுகள், கம்பிக் கட்டு. வரட்டித் தீயில் வாட்டினால் மெழுகு உருகி வெளியேறி, உள்ளே வெற்றிடம் நிற்கும். அதில் பஞ்சலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண் கூட்டை உடைக்கிறார்கள். மெழுகில் இடக்கால் தூக்கியிருந்தால் உலோகத்திலும் இடக்காலே தூக்கியிருக்கும். அச்சுக்குக் காலை மாற்றத் தெரியாது.

ஆர்.என்.ஏ. இழை தன்னைப் படியெடுப்பதும் அச்சு வழியேதான். பழைய இழை அச்சாக நிற்க, பொருந்தும் துண்டுகள் ஒவ்வொன்றாக அதன்மேல் வந்து அமர்ந்து புதிய இழையாகக் கோக்கின்றன. சுவாமிமலைக் கூடு ஒரு சிலையோடு உடைந்துவிடும். இந்த அச்சு உடையாது, புதிய இழையும் அடுத்த அச்சாகும்.

1984-ல் ஜெரால்ட் ஜாய்சும் லெஸ்லி ஆர்கெலும் அவர்களுடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். வலக்கை அச்சுக்கு வலக்கைத் துண்டுகளை மட்டும் கொடுத்தபோது நீண்ட படிகள் உருவாயின. இடமும் வலமும் கலந்து கொடுத்தபோது படியெடுப்பு முடங்கியது. இடக்கைத் துண்டு வளரும் இழையின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அடுத்த துண்டைக் கோக்கவேண்டிய முனை தவறான பக்கம் நோக்குவதால் இழை அங்கேயே நின்றுவிடுகிறது. மெழுகு முழுவதும் வெளியேறாத கூட்டில் உலோகம் பாதியில் உறைவதைப் போல.

இந்த அத்தியாயம் முதன்மை கொடுக்கும் சோதனை இதுவே. கைத்தன்மை உயிர் தோன்றியபின் அதன்மேல் ஏற்பட்ட அலங்காரம் அல்ல. படியெடுப்பு நடக்கவே ஏதாவது ஒரு கை முன்னரே ஓங்கியிருக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2014-ல் ஜாய்சும் ஜோனதன் செபான்ஸ்கியும் இடக்கை ஆர்.என்.ஏ.வைக் கோக்கும் வலக்கை ஆர்.என்.ஏ. நொதி ஒன்றை உருவாக்கினார்கள். இரு கைகளும் ஒன்றையொன்று படியெடுத்துக்கொண்டு சிறிது காலம் வாழ்ந்திருக்கலாம் என்ற வாய்ப்பு அதனால் திறந்தே இருக்கிறது. ஆனால் அத்தகைய நொதி உருவாகும் அளவுக்கு முன்னேற, நீண்ட இழைகள் முதலில் வேண்டும்.

காந்தக் கல்

சாய்வு, பெருக்கம், அச்சு மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி 2023-ல் ஹார்வர்டிலிருந்து வந்தது. ஃபுர்கான் ஓஸ்துர்க், திமிதர் சசெலோவ் குழுவினர் எடுத்துக்கொண்டது, ஆர்.என்.ஏ. உருவாகும் பாதையில் வரும் ரைபோ அமினோ ஆக்சசோலின் என்ற பொருள். படிகமாகும்போது இடம் வேறு, வலம் வேறு எனப் பிரியும் நல்ல குணம் இதற்கு உண்டு. சரிபாதிக் கலவையைக் காந்தமேற்றிய மேக்னடைட் பரப்பின் மேல் படிகமாக்கினார்கள். சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புக் கனிமம்தான் மேக்னடைட். ஆதிக் குளங்களின் அடியிலும் இருந்திருக்கக்கூடியது. காந்தத்தின் திசைக்கேற்ப ஒரு கைப் படிகம் கூடுதலாக ஒட்டியது. இரண்டாம் முறை படிகமாக்கியதும் முழுவதும் ஒரே கை. கைத்தன்மை உள்ள மூலக்கூற்றின் வழியே ஒரு திசையில் தற்சுழலும் எலக்ட்ரான்கள் மற்றவற்றைவிட எளிதாகக் கடக்கும் என்று இஸ்ரேலின் ரான் நாமன் குழு முன்பே காட்டியிருந்த விளைவே இதற்கு அடிப்படை.

ஆய்வகத்தில் பயன்பட்ட காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பலமடங்கு வலியது. அந்த இடைவெளி இன்னும் நிரப்பப்பட வேண்டியது. இருந்தாலும் நீரில் நடப்பதாலும், ஆர்.என்.ஏ.வின் பாதையிலேயே இருப்பதாலும், இதுவரை வந்தவற்றுள் இதுவே ஆதி பூமிக்கு மிக அருகில் நிற்கிறது.

சர்க்கரை வலக்கையானதும் அமினோ அமிலம் இடக்கையானது ஏன் என்பது மிச்சம். வலக்கை ஆர்.என்.ஏ. இடக்கை அமிலத்தையே தேர்ந்தெடுத்திருக்கும் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸின் ஐரீன் சென் குழு அண்மையில் 15 வகை ஆர்.என்.ஏ. நொதிகளைச் சோதித்தபோது சில இடக்கையையும் சில வலக்கையையும் விரும்பின. அப்படியானால் இடக்கை அமிலம் என்பது விதியால் வந்ததைவிட, பரம்பரையில் எங்கோ விழுந்த தேர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்தத் தேர்வைக் காப்பதும் ஓயாத வேலை. உயிர் நீங்கியதும் அமினோ அமிலங்கள் மெல்ல மெல்லக் கை மாறி மீண்டும் சரிபாதியை நோக்கிப் போகின்றன. புதுப்பிக்கப்படாத பல்லின் உட்பகுதியில் இது வாழ்நாளிலேயே நடப்பதால், தடயவியலில் வயதைக் கணிக்க அது பயன்படுகிறது. இதே அளவீட்டைச் செவ்வாயிலும் செய்யப்போகிறார்கள். 2028-ல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி, 2 மீட்டர் ஆழம்வரை துளையிட்டு எடுக்கும் மண்ணில் இடக்கை, வலக்கை மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவியைச் சுமந்து செல்லும். இரண்டும் சமமாக இருந்தால், அவற்றை உயிரற்ற வேதியியலே உண்டாக்கியதாகக் கொள்ளலாம். அல்லது பழைய உயிரின் எச்சம் கை மாறிச் சமமாகிவிட்டிருக்கும். அமினோ அமிலங்களில் இடக்கை மட்டும் இருந்தால் அது பூமியோடு உறவுள்ள உயிரா, தனியே பிறந்ததா என்று கேட்க வேண்டும். வலக்கை மட்டும் இருந்தால், அது பூமியிலிருந்து போனதல்ல.